பாணன் கையில் தூண்டில்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் கூரைவீடுகளில் இறவாணமே கருவிகளின் காப்பிடமாக இருந்தது. கருக்கரிவாளும் களைக்கொத்தும் செருகிய அந்த இடத்திலேயே, ஆள் உயரத்தைக் காட்டிலும் நீண்ட மூங்கிற்கோல் ஒன்றும் படுக்கையாகச் செருகப்பட்டிருந்தது. கோலின் நுனியில் நரம்பு சுற்றியிருக்கும். முள் கூரையோலையில் குத்தப்பட்டிருக்கும். வீட்டினுள் மாடக்குழியில் பழைய பவுடர் டப்பா ஒன்று இருக்கும். அதனைத் திறந்தால் இரண்டு மூன்று முட்கள், தட்டிச் சுருட்டிய ஈயத்துண்டு, மயிலிறகின் தண்டு, சிக்கல் எடுத்துச் சுற்றி வைத்த நரம்பு ஆகியன கிடைக்கும். மண்புழுவுக்கு ஈரமண் இட்ட கொட்டாங்குச்சி தனியே இருக்கும். ஏரி நிரம்பிய ஆண்டுகளில் இந்த டப்பா கைக்கு வரும். வறண்ட ஆண்டுகளில் மாடக்குழியிலேயே கிடக்கும்.

கூரைவீடுகள் குறைந்துவிட்டன, இறவாணம் போயிற்று, டப்பாவும் போயிற்று. டப்பாவோடு அதிலிருந்த பொருள்களின் பெயர்களும் போய்க்கொண்டிருக்கின்றன. தமிழ்க் கவிதைக்கும் இந்தச் சிறு கருவிகளுக்கும் இடையிலான உறவு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது. அவ்வுறவை நினைவூட்டுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

தோற்பை

மீன்பிடி கருவிகளை இட்டுவைக்கும் பையைப் பற்றிய பழந்தமிழ்ச் சித்திரம் பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார், காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய ஆற்றுப்படை அது. வலைஞர் குடியிருப்பைக் காட்டும்போது, தருப்பை வேய்ந்த குடிலின் முற்றத்தில் பறி கிடப்பதைப் புலவர் சொல்லிச் செல்கிறார். அதனை அடுத்து, நீர்த்துறையில் தூண்டிலிடும் ஒருவனைக் காட்டுகிறார். பச்சை ஊனாகிய இரையை இட்ட தோற்பை அவனிடம் இருக்கிறது. கையில் நெடிய மூங்கிற்கோல்; அதன் தலையில் கட்டிய நாண்; நாணின் முனையில் வளைந்த இரும்பு. வாளைமீன் ஒன்று இரையைக் கவ்வுகிறது. இரை மீனுக்குப் போக, முள் வெறுமையாய்த் தனித்து நிற்கிறது. வாய் கிழிந்து தப்பிய அந்த வாளை, பின்னர் நீரருகே நிற்கும் பிரம்பின் நிழல் அசைவதைக் கண்டாலும் தூண்டிற்கோலோ என்று அஞ்சுகிறது.

இச்சித்திரத்தில் பை, இரை, கோல், நாண், முள் என ஐந்து பொருள்களும் முறையாக அமைந்துள்ளமை நோக்கத்தக்கது. அவற்றைக் காட்டிலும் நோக்கத்தக்கது மீனின் அச்சம். தூண்டிலில் அடிபட்டுத் தப்பிய மீன் நிழலுக்கு ஒதுங்கும் என்பதைக் கரையில் நெடுநேரம் அமர்ந்தவரே அறிவர். தூண்டிற்காரர் தம் நிழல் நீரில் விழாதபடி வெயிலுக்கு எதிர்முகமாக உட்காருவதும் இதனாலேயே. புலவர் அந்தக் கரையை அறிந்திருக்கிறார்.

அத்தூண்டிற்காரன் யார் என்பது இன்னும் முதன்மையானது. அவனைப் புலவர் பாண்மகன் என்கிறார். பேரியாழ் ஏந்திப் பரிசில் நாடிச் செல்லும் பெரும்பாணனுக்கு வழி சொல்லும் நூலில், வழியிடையே தூண்டிலோடு நிற்பவனும் பாணர் குடியினனே. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் ஓரம்போகியார் இதனையே வேறொரு முகமாகக் காட்டுகிறார். அடுத்தடுத்து வரும் மூன்று பாடல்களில் பாண்மகள் மீன்வட்டியோடு வருகிறாள். கெடிற்று மீனைச் சொரிந்த வட்டியில் மனைவியானவள் பயறு நிறைக்கிறாள். வராலைச் சொரிந்த வட்டியில் ஓராண்டு பழகிய வெண்ணெல் நிறைக்கிறாள். மூன்றாம் பாடலில் சில மீனைச் சொரிந்து பாண்மகள் பல நெல்லைப் பெறுகிறாள். எந்த மீனுக்கு எந்தத் தவசம் என்னும் பண்டமாற்றுக் கணக்கே அப்பாடல்களுள் பதிந்திருக்கிறது.

யாழிசைத்த குடியே தூண்டிலும் பிடித்தது. பரிசில் கிடைக்காத நாளில் அக்குடியின் அடுப்பை மீன் எரியவைத்தது. இன்று கவிஞர் என்று பெயர் பூண்டு அமர்ந்திருக்கும் அனைவர்க்கும் முன்னோனாகிய அந்தப் பாணனின் ஒரு கையில் யாழும் மறு கையில் தூண்டிலும் இருந்தன. யாழின் தந்திக்கு நரம்பு என்று பெயர். ஏரிக்கரைச் சிறுவன் தன் தூண்டிற்கயிற்றுக்கு இன்று வழங்கும் பெயரும் நரம்பு என்பதே. யாழ் மறைந்தது, சொல் ஏரிக்கரையில் எஞ்சியிருக்கிறது.

உறுப்புகளும் பெயர்களும்

தூண்டில் என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறோம். அது பல உறுப்புகள் கூடிய கருவி. கோல், நரம்பு, தக்கை, ஈயம், முள், இரை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொழில் உண்டு.

கோலுக்கு முற்றிய மூங்கிலே ஏற்றது. இளமூங்கில் வளையும், ஆனால் வளைந்தபடியே நின்றுவிடும். நுனி மெலிந்தும் அடி தடித்தும் கணுக்கள் நெருங்கியும் இருப்பதைத் தேர்ந்து, நிழலில் உலர்த்தி, வளைவு இருப்பின் அனலில் வாட்டி நிமிர்த்துவர்.

கயிறு முன்பு பருத்தி நூலாலோ நாராலோ திரிக்கப்பட்டது. நீரில் ஊறினால் அது அழுகும். ஒவ்வொரு முறையும் உலர்த்தியாக வேண்டும். நூல்வலைகளைப் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்து வலுவேற்றியதும் இந்த அழுகலுக்கு அஞ்சியே. 1935இல் அமெரிக்காவின் தூபாண்ட் நிறுவனத்து ஆய்வுக்கூடத்தில் நைலான் உருவாக்கப்பட்டது. நாளடைவில் அந்த இழை உலகின் நீர்நிலைகள் அனைத்திலும் இறங்கியது. நம் ஊர்க்காரர் அதனை அயற்பெயரால் அழைக்காமல் நரம்பு என்றும், கடற்கரைப் பக்கம் தங்கூசி என்றும் அழைத்தனர். புதுப்பொருளுக்குப் பழஞ்சொல்லை அணிவிக்கும் இத்திறம் எந்தக் கலைச்சொல்லாக்கக் குழுவும் கற்றுத் தந்தது அன்று.

தக்கை என்பது மிதப்பு. நெட்டி, சோளத்தட்டையின் உட்சோறு, மயிலிறகின் தண்டு ஆகியன தக்கையாகப் பயன்பட்டன. மயிலிறகுத் தண்டு எடையற்றது, நீர் புகாதது, மெல்லிய கடிக்கும் அசைவது. இங்கிலாந்திலும் தூண்டிற்காரர் இதே மயிலிறகுத் தண்டையும் முள்ளம்பன்றியின் முள்ளையும் மிதப்பாகக் கட்டினர். இரு நாட்டுக் கைகளும் ஒரே விடையைக் கண்டிருக்கின்றன. தக்கையைப் படிப்பது தனிக்கல்வி. நடுங்கினால் சிறுமீன் கொத்துகிறது. சாய்ந்து நகர்ந்தால் மீன் இரையோடு நடக்கிறது. ஒரேயடியாக அமிழ்ந்தால் விழுங்கிவிட்டது. எந்த நொடியில் கோலைச் சுண்டுவது என்பதைத் தக்கையே சொல்லும்.

ஈயம் இரையை ஆழத்தில் நிறுத்துவது. ஈயம் கிடைக்காதார் சிறு கல்லைக் கட்டினர். வலையின் அடியில் சுட்ட மண்குண்டுகளைக் கட்டும் வழக்கமும் மிகப் பழையது. இந்த ஈயத்திற்கு வெளிநாட்டில் ஒரு வழக்கும் உண்டு. நீரடியில் சிதறிய ஈயக்குண்டுகளைப் பருக்கைக் கல் என எண்ணி விழுங்கிய அன்னங்கள் நஞ்சேறி இறந்தமையால், இங்கிலாந்தில் 1987இல் தூண்டிலின் சிறு ஈயக்குண்டுகள் தடை செய்யப்பட்டன. கைவிரல் நுனியளவு பொருளுக்கும் ஒரு பறவையினத்தின் உயிரோடு தொடர்பு இருந்திருக்கிறது.

முள் என்னும் சொல் கருதத்தக்கது. இரும்பினால் ஆனதை முள் என்கிறோம். மரமுள்ளையும் எலும்பையும் கொண்டு தூண்டில் செய்த காலம் உலகெங்கும் இருந்தது. தமிழ் அந்த நினைவைப் பெயரில் வைத்திருக்கிறது எனலாம். மொகஞ்சதாரோவிலும் அரப்பாவிலும் செம்பினால் ஆன, எதிர்முள் உடைய தூண்டில்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. நான்காயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அத்தூண்டிலின் வடிவமும் இன்று கடையில் வாங்கும் தூண்டிலின் வடிவமும் பெரிதும் வேறுபடவில்லை. திருக்குறளின் சூது அதிகாரத்து முதற்குறளில், சூதில் பெறும் வெற்றி மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பாகக் கூறப்படுகிறது. அங்கு வரும் பொன் என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் இரும்பு என்றே பொருள் கொண்டார். கருவியை அறிந்தமையால் உரையும் தெளிவாயிற்று. அறியாதார் பொன்னாலான தூண்டிலைத் தேடியலைவர்.

கோடியும் மடையும்

தூண்டில் தனியொருவன் கருவி. ஊர் கூடி இறங்கும் கருவிகள் வேறு. அவற்றுள் ஊத்தாவும் பறியும் தலையாயவை.

ஊத்தாவுக்கு அடியும் இல்லை, மூடியும் இல்லை. மூங்கிற் பிளாச்சுகளை வட்டமாக நிறுத்திக் கட்டுவர். அடிவாய் அகன்றிருக்கும், மேல்வாய் கை நுழையும் அளவே இருக்கும். முழங்கால் அளவு நீரில் நின்று அதனைச் சேற்றில் பதிய அழுத்தினால், உள்ளே அகப்பட்ட மீன் பிளாச்சில் மோதும். அந்த மோதல் கைக்குத் தெரியும். மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவிப் பிடிப்பர். விரால் வழுக்கும், கெளுத்தி துடுப்புமுள்ளால் குத்தும். எது உள்ளே இருக்கிறது என்பதை விரல் முதலில் அறிந்தாக வேண்டும். அறுவடைக்குப்பின் நீர் வற்றும் காலத்தில், மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டத்துக் கண்மாய்களில் நடைபெறும் மீன்பிடித் திருவிழாக்களில் இன்றும் ஊத்தாவைக் காணலாம். கரையில் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை எவரும் நீரில் இறங்குவதில்லை.

பறி காத்திருக்கும் கருவி. மூங்கில், ஈச்சங்குச்சி, பனை ஈர்க்கு என அந்தந்த ஊரில் கிடைப்பதைக் கொண்டு குடுவை வடிவில் பின்னப்படுவது. அதன் வாயில் கூரிய ஈர்க்குகள் உள்நோக்கிக் குவிந்திருக்கும். மீன் நீரோட்டத்தோடு உள்ளே செல்லும். திரும்ப முயன்றால் ஈர்க்குகள் எதிர்த்து நிற்கும். இழுத்துப் பிடிக்கும் விசை எதுவும் அதில் இல்லை. நீரின் ஓட்டமும் மீனின் பழக்கமுமே அதன் விசை. புதுவெள்ளம் வந்து ஏரி கோடி போகும்போது, மீன்கள் ஓடும் நீரை எதிர்த்து ஏறும். அப்போது கோடியிலும் வயல்மடையிலும் மாலையில் பறியை வைத்து விடியலில் எடுப்பர். இந்த மாவட்டத்தில் கோடி என்றால் ஏரியின் மிகுநீர் வழிந்தோடும் இடம். தென்மாவட்டத்தார் அதனைக் கலிங்கு என்பர். ஒரே நீருக்கு இரு சொற்கள். இரண்டும் காப்பாற்றப்பட வேண்டியவை.

இருளர் மக்களிடம் பறி வேறொரு வடிவம் கொள்ளும். நீரில் அமர்ந்து கையாலேயே துழாவி இறாலும் மீனும் பிடிக்கும் அவர்கள், பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பனையோலையால் முடைந்த பறியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வர். இரு கைகளும் நீருள் இருக்கப் பறி மார்பருகே மிதக்கும். வேறெந்தக் கருவியும் வாங்க இயலாதவரின் கருவி அது.

வீச்சுவலையில் அறிய வேண்டிய சொல் கண் என்பது. வலையின் ஒவ்வொரு துளையும் ஒரு கண். விரலை அளவாகக் கொண்டு கண்ணின் அகலத்தைச் சொல்வர். எந்தக் கண்ணுள்ள வலையை வீசுவது என்பது எந்த மீனை விட்டுவிடுவது என்னும் முடிவாகும். ஊத்தாவின் பிளாச்சு இடைவெளியும், பறியின் பின்னல் இடைவெளியும் இவ்வாறே குஞ்சுகளுக்கு வழிவிட்டன. கண்வலை என்றும் வலைவீசும் விழி என்றும் காதற்கவிதையில் எழுதிப் பழகிய கவிஞர்கள், வலைக்கும் கண் உண்டு என்பதையும், அக்கண் சிறியதை விட்டுவிடும் பெருந்தன்மையுடையது என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

மலையின் ஓடைகள்

சமவெளியின் ஏரிக்கு நீர் தருவது மலை. கல்வராயன் மலை வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என இரு பகுதியாக வழங்குகிறது. கல்படை, பொட்டியம் முதலான ஓடைகள் மலையிலிருந்து இறங்கிக் கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணைக்கு வந்து சேர்கின்றன. மலையோடை தெளிந்தது, பாறைகளுக்கிடையே விரைந்து ஓடுவது. ஏரிக்குரிய ஊத்தா அங்கே உதவாது. சேறில்லாத பாறையில் அது பதியாது. நிலம் மாறினால் கருவியும் மாறுகிறது. ஓடையின் ஓரத்தைக் கல்லடுக்கித் தடுத்து நீரை இறைத்தும், துணியை விரித்து இருவர் இருபுறம் பிடித்தும், மடுவில் கையால் துழாவியும் மீன் பிடிப்பது மலைநில முறை.

தென்னிந்திய மலைப்பகுதிகளில் செடிகொடிகளின் நஞ்சைக் கொண்டு மீன் பிடிக்கும் முறையும் உண்டு. காக்கைக்கொல்லி விதையையும் மருக்காரைக் காயையும் நசுக்கித் தேங்கிய மடுவில் கலந்தால் மீன்கள் மயங்கி மேலே மிதக்கும். பழமை என்பதனாலேயே இதனைப் போற்றுதல் தகாது. நஞ்சுக்குக் கண் இல்லை. பெரிது சிறிது என்னும் வேறுபாடு அதற்குத் தெரியாது. 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் நீரில் வெடி வைப்பதையும் நஞ்சு கலப்பதையும் குற்றமாக்கியது. சட்டம் வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும், செடிநஞ்சின் இடத்தை வெளுப்புத்தூளும் வெடித்தோட்டாவும் பிடித்துக்கொண்டன என்பது வருந்தத்தக்கது. செடியைத் தேடிப் பறித்து இடித்துக் கரைக்க ஒரு நாள் உழைப்பு வேண்டும். தூள் கடையில் கிடைக்கிறது. கை உழைத்த காலத்தில் கேடும் கையளவாக இருந்தது.

துரைமார் பெட்டி

நம் ஏரிகளில் மற்றொரு பெட்டியும் திறக்கப்பட்டதுண்டு. எச். எஸ். தாமஸ் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஆங்கில அதிகாரி. இந்தியாவில் தூண்டிற்கோல் கொண்டு மீன்பிடிப்பது பற்றி 1873இல் ஒரு நூலும், ஏரிகளில் தூண்டிலிடுவது பற்றி 1887இல் மற்றொரு நூலும் எழுதி வெளியிட்டார். அக்காலத்துத் துரைமார் மரப்பெட்டியைத் திறந்தால், பித்தளைச் சுருளிக் கட்டை, பட்டுநூற் கயிறு, பட்டுப்புழுவின் பட்டுச்சுரப்பியை நீட்டி உலர்த்திய மெல்லிழை, பளபளக்கும் உலோகக் கரண்டித் தூண்டில், இறகுகளால் கட்டிய பொய்ப்பூச்சி, விழுங்கிய முள்ளை எடுக்கும் கவைக்கோல், பிடித்த மீனை அடித்துக் கொல்லும் சிறு தடி, எடை காட்டும் வில்தராசு ஆகியன அடுக்கடுக்காக இருக்கும். தூண்டில் முட்கள் ஊசி செய்வதற்குப் பெயர்பெற்ற ரெடிச் நகரிலிருந்து வந்தன. ஊசியை வளைத்தால் தூண்டில் முள் என்பதனை அந்நகரத்துக் கொல்லரும் அறிந்திருந்தனர். குண்டூசியை வளைத்து வாய்க்காலில் இடும் நம் ஊர்ச் சிறுவனும் அறிந்திருக்கிறான்.

இரு பெட்டிகளையும் அருகருகே வைத்து நோக்கினால் வேறுபாடு விளங்கும். மரப்பெட்டியில் வில்தராசு உண்டு. பிடித்ததன் எடையைக் குறித்து நண்பர்க்குச் சொல்வதற்காக. பவுடர் டப்பாவில் தராசு இல்லை. பிடித்தது அன்றிரவே குழம்பாகிவிடும். மரப்பெட்டியிலிருந்த பழைய சுருளிக் கட்டைகளை மேலைநாடுகளில் இன்று ஏலத்தில் விலைகொடுத்து வாங்குகின்றனர்; அவற்றிற்கு விலைப்பட்டியல் நூல்கள் உள்ளன; செய்தவர் பெயரும் ஆண்டும் ஆராயப்படுகின்றன. நம் ஊர்ப் பறி கிழிந்தால் அடுப்பிற்குப் போகிறது. மூங்கிலும் ஓலையும் இரும்பைப் போல் நிலைத்திருக்க மாட்டா. ஆகவே நம் கருவிகளுக்குச் சொல்லே அருங்காட்சியகம். சொல் போனால் பொருள் இருந்ததற்கான சான்றும் போய்விடும்.

இங்கிலாந்தில் ஐசக் வால்டன் 1653இல் வெளியிட்ட தூண்டில் நூல், தொழில்நுட்பத்தோடு பாடல்களையும் கலந்து எழுதப்பட்டு, இன்றும் இலக்கியமாகப் படிக்கப்படுகிறது. பாணன் மரபில் வந்த தமிழுக்கு இது புதிதன்று. ஆயினும் அத்தகைய நூல் ஒன்று தமிழில் நம் ஏரிகளுக்கு எழுதப்படவில்லை. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920களில் இம்மாகாணத்தின் மீன்பிடி முறைகளை ஆங்கிலத்தில் பதிவு செய்தபோது, முதலில் கொண்டது சோழமண்டலக் கடற்கரையை. கடலுக்குப் பதிவாளர் கிடைத்தார். ஏரியும் ஓடையும் காத்திருக்கின்றன.

குறைந்தது எது?

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1952இல் இலங்கை வழியாக இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீனினம், சிலேபி என்னும் பெயரோடு குளம் குட்டையெல்லாம் பரவியது. கட்லா, ரோகு முதலான வளர்ப்புமீன்கள் ஏரிகளிலும் அணைகளிலும் விடப்பட்டன. உணவு பெருகியது, இதனை மறுத்தற்கில்லை. மீன் விலைபொருளானபோது ஏரி குத்தகைப் பொருளாயிற்று. குத்தகை எடுத்தவர் இட்ட மீனைப் பிறர் பிடித்தல் குற்றமாயிற்று. கோடியில் பறி வைத்த குடும்பம் இரவில் அஞ்சி அஞ்சி வைக்கும் நிலைக்கு வந்தது. முன்பு ஊரார் உரிமையாக இருந்தது பின்பு திருட்டு என்று பெயர் பெற்றது. நரம்புவலையின் கண் வரவரச் சிறுத்தது. விரால் தன் செந்நிறக் குஞ்சுக்கூட்டத்தைச் சுற்றிச் சுற்றிக் காவல் காக்கும் மீன். காவலுக்கு நிற்கும் தாயையும் தந்தையையும் பிடித்துவிட்டால் குஞ்சுகள் பிற மீனுக்கு இரையாகும். இந்த அறிவு கரையில் வாய்வழியாகவே வழங்கியது. கரையில் அமர்வோர் குறைந்தபோது அதனைச் சொல்வோரும் கேட்போரும் குறைந்தனர்.

பழங்கருவிகள் திரும்பி வர வேண்டும் என்று வேண்டுவது இவ்வுரையின் கருத்தன்று. பறி பின்னிய கைகள் வறுமையினாலேயே பின்னின. அவற்றின் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றது நன்றே. ஆனால் அக்கைகள் கண்டறிந்தவற்றை எழுதி வைக்காமல் விடுவது நன்றன்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதி பெரும்பணி. எனினும் ஓர் ஏரிக்கரையில் வழங்கும் சொற்கள் அனைத்தையும் பேரகராதி தாங்காது. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்திற்கும், கண்மணி குணசேகரன் நடுநாட்டிற்கும் சொல்லகராதி தொகுத்தமை இதனாலேயே போற்றத்தக்கது. இருவரும் படைப்பாளிகள் என்பது கருதத்தக்கது. சொல்லின் அழிவை முதலில் உணர்பவர் அதனைக் கொண்டு எழுதுபவரே.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

கடந்த பத்தாண்டுகளில் இவ்வட்டத்தில் படிக்கப்பெற்ற கவிதைகள் பல. பொதுவாகவே இக்காலத் தமிழ்க் கவிதையில் தூண்டில் அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் அது விழியின் உவமையாகவோ சூழ்ச்சியின் உவமையாகவோ வருகிறது. அத்தூண்டிலில் தக்கை இல்லை, ஈயம் இல்லை, இரை இல்லை, நிழலும் இல்லை. பெயர் மட்டும் நீருக்கு மேல் தொங்குகிறது. பெரும்பாணாற்றுப்படையின் தூண்டில் இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் நடுங்குகிறதென்றால், புலவர் கருவியை அறிந்தார். அறிந்ததால் மீனின் அச்சத்தையும் அறிந்தார். குறுந்தொகையில் பரதவர் எறியும் எறியுளியைக் காட்டிய புலவரும், கூரிய இரும்பை உலர்ந்த மூங்கிற்காம்பில் செருகியிருப்பதைக் காட்டத் தவறவில்லை. உவமை பொருளிலிருந்து வந்தது. பொருளை விட்டுவிட்டு உவமையை மட்டும் வழிவழியாகக் கைமாற்றினால் அது தேய்ந்த காசாகிவிடும்.

திருக்கோவலூரில் பெண்ணையாற்றின் நடுவே கபிலர் பெயரால் வழங்கும் குன்று நம் மாவட்டத்தின் பெருமை. கபிலரை நினைப்பது நம் கடமை. அதே ஆற்றில், அதே கோமுகியில், அதே மணிமுத்தாற்றில் முழங்கால் நீரில் நின்றவர்களின் சொற்களை நினைப்பதும் அக்கடமையின் மறுபாதி. கபிலர் பறம்பின் சுனையையும் தினையையும் பெயர் சொல்லிப் பாடியவர். அவர் வழிவந்தோர் தம் ஊர் ஏரியின் கோடியைப் பெயர் சொல்லிப் பாடுதல் தகும்.

ஆகவே வரும் பத்தாண்டுகளுக்கு ஒரு பணியை இவ்வட்டம் மேற்கொள்ளலாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர் ஏரிக்கோ ஓடைக்கோ சென்று, மீன்பிடித்தலறிந்த முதியோர் ஒருவரிடம் அமர்ந்து, பத்துச் சொற்களையாவது கேட்டு எழுதி வரவேண்டும். சொல்லை மட்டும் எழுதினால் போதாது. கருவியின் அளவு, செய்த பொருள், பின்னிய முறை, வைக்கும் பருவம், அகப்படும் மீன், விடப்படும் மீன் ஆகிய ஆறனையும் உடன் குறிக்க வேண்டும். கல்வராயன் மலையிலுள்ள உறுப்பினர்கள் ஓடைமுறைகளையும், சமவெளியினர் ஏரிமுறைகளையும் தொகுக்கலாம். இயன்றால் ஒரு பறியையும் ஓர் ஊத்தாவையும் பின்னச் செய்து, உரிய கூலி தந்து வாங்கி, பள்ளியொன்றில் வைக்கலாம். அடுத்த ஆண்டுமலரில் பத்துப் பக்கங்கள் இச்சொற்களுக்கு ஒதுக்கப்பட்டால், அப்பக்கங்களிலிருந்து எழும் கவிதைகள் தாமாகவே வந்து சேரும்.

காலம் அதிகம் இல்லை. பறி பின்னத் தெரிந்த கைகள் முதிர்ந்துவிட்டன. ஏரி நிரம்பும் ஆண்டுகளும் எண்ணத்தக்கனவாகவே உள்ளன. இவ்வாண்டு மழை பெய்து கோடி போகுமானால், அந்நாளில் கரைக்குச் செல்லுங்கள். குறிப்பேடு ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். நிழல் நீரில் விழாதபடி அமருங்கள்.